நாற்காலியில் ஒரு மாமனார்

போன சனிக்கிழமை சாயங்காலம், ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியின் ஆண்டு விழா. மைக் பிடிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இசைக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு பேண்ட்!

கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கல்யாண இசை. பெயர் க்ளெஸ்மர். அதில் ஜாஸைக் கலந்து, மேலே டான்ஸ் பீட்டையும் போட்டிருந்தார்கள். கிளாரினெட் அழுதது, சிரித்தது, விக்கியது... கூட்டம் மட்டும் அசையவில்லை. நான் அவசரமாக, "இது கல்யாண மியூசிக்குங்க" என்றேன்.

முன்வரிசையில் ஒரு வடக்குப்பட்டு அம்மா கேட்டார். "அப்போ பொண்ணு மாப்ள எங்க கீறாங்க?"

நியாயம்தானே?

உடனே வெல்டிங் லைன் பசங்க பாலமுருகனையும் ரேகாவையும் மேடையில் ஏற்றிவிட்டார்கள். அவன் கோவில்பட்டி, அவள் மண்ணூர். ஆறு மாசம் முன்னால் ரிஜிஸ்டர் கல்யாணம். பேண்ட்காரர்கள் இருவரையும் நாற்காலியோடு தூக்கி ஆடிவிட்டு இறக்கினார்கள். அவர்கள் ஊர் வழக்கமாம். அடுத்து, பெண்ணின் அப்பா வந்திருக்கிறாரா என்று கேட்டார்கள். நானும் அதை அப்படியே மைக்கில் தமிழாக்கினேன்.

எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது.

அப்பா ஏகாம்பரம், கம்பெனி பஸ் டிரைவர். கல்யாணத்துக்கு வரவில்லை. மகளும் மருமகனும் தினம் அவர் பஸ்ஸில்தான் ஷிஃப்டுக்கு வருகிறார்கள். ஒரு வார்த்தை கிடையாது. அவர்கள் ஏறும் ஸ்டாப்பில் மட்டும் பிரேக் கொஞ்சம் கோபமாக விழும். இதெல்லாம் ஹெச்.ஆர். என் காதில் சொன்னபோது, டிரம்பெட்காரர் அவரைக் கையோடு இழுத்து வந்துவிட்டார்!

வெள்ளைக்காரனுக்குக் குடும்பச் சண்டை என்ன தெரியும்? பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிவிட்டார்கள். பீட் ஏற ஏற நாற்காலியும் ஆடியது. ஏகாம்பரம் வெளிறிப்போய்க் குனிந்து பார்த்தார். நாற்காலியின் ஒரு காலைத் தாங்கியிருந்தது... பாலமுருகன்.

ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு அவன் தோளை இறுகப் பற்றிக்கொண்டார்.

"கெட்டியா புட்ச்சிக்க மாப்ள, வுட்ராத."

"விட மாட்டேன் மாமா. நீங்க அசையாம இருங்க."

கீழே ரேகா அழுதுகொண்டே கை தட்டினாள். அதற்கப்புறம்தான் கூட்டம் ஆடத் தொடங்கியது. ஹெச்.ஆர். உட்பட!

இறங்கியதும் ஏகாம்பரம் சட்டையைச் சரிசெய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை வூட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னார். பார்த்தது மட்டும் பாலமுருகனை அல்ல, டிரம்பெட்டை.

சமாதானம் பேச இனி பெரியவர்களை அனுப்ப வேண்டாம்... பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போதும்!