பைப்பில் காற்று

சிஜி இப்போதும் கழக்கூட்டத்தில் அதே கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள். இது நடந்ததா என்று யார் வேண்டுமானாலும் அவளிடமே கேட்கலாம். கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். ஆனால் தம்பி மெல்பின் இருக்கிறான், தம்பி மனைவி ஜினு இருக்கிறாள், பிளாட்டில் காவல் வேலை பார்க்கும் பாறசாலைக்காரர் ஞானையன் இருக்கிறார். ஆளுக்கொரு துண்டுதான் தெரியும். அந்தத் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் யாரும், இது பொய் என்று இதுவரை சொல்லவில்லை.

சிஜிக்கு முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆஸ்பத்திரிகளுக்கான மென்பொருளில் தவறு கண்டுபிடிப்பது அவள் வேலை. ஒரு தவறு ஒரே ஒரு தடவை தலைகாட்டினால் போதாது. எந்தப் பொத்தானுக்குப் பிறகு எந்தப் பொத்தானை அழுத்தினால் அது மறுபடியும் வருகிறது என்று காட்ட வேண்டும். அதுவரை யாரும் நம்பமாட்டார்கள். அந்தப் பொறுமை அவளுக்கு உண்டு.

வீடு தூரத்தில் இல்லை. ரயிலில் நெய்யாற்றின்கரை வந்து, பூவார் பஸ் ஏறினால் கடல் மணக்கும். தினமும் போய் வரலாம்தான். ஆனால் பஸ்ஸிலிருந்து வீடு சேருவதற்குள் எல்லா வாசலிலும் ஒரே கேள்வி. "கல்யாணம் ஒண்ணும் ஆகல்லியா மக்கா?" அப்பாவுக்குப் பின் அம்மாவும் போன பிறகு அவள் நகரத்தில் ஒன்பதாவது மாடியில் ஒரு சிறு பிளாட் வாங்கிக் குடியேறினாள்.

ஒருமுறை டெங்கு வந்து படுத்தபோது மெல்பின் வேனோடு வந்துவிட்டான். அவளை மட்டும் ஏற்றவில்லை. கட்டில், அடுப்பு, துணிமணி எல்லாவற்றையும் ஏற்றினான். "ஒற்றைக்கு கிடந்தது போதும்." காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது. பிளாட்டுக்குத் திரும்ப நான்கு மாதம் சண்டை போட வேண்டியிருந்தது. அன்று முடிவு செய்தாள். இனி இந்த பிளாட்டில் என்ன நடந்தாலும் மெல்பின் காதுக்குப் போகக் கூடாது. போனால் மறுபடி வேன் வரும். இந்தத் தடவை வேனோடு மாப்பிள்ளையும் வருவான்.

அந்த பிளாட்டில் குளியலறைக்குப் போகும் நடையில் ஒரு விளக்கு. சுவிட்ச் கிடையாது. ஆள் வந்தால் தானே எரியும். சுவரில் நெல்லிக்காய் அளவுக்கு வெள்ளைக் குமிழ் ஒன்று இருக்கும். மனித உடம்பின் சூடு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்வதை அது உணரும். சூடு இருந்து அசைவு இல்லாவிட்டால் அதற்குத் தெரியாது. அந்த வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து சிஜி லேப்டாப் பார்த்துக்கொண்டிருப்பாள். கொஞ்ச நேரத்தில் விளக்கு அணைந்துவிடும். கையை ஆட்டுவாள், எரியும். மறுபடி அணையும்.

"நான் இங்கதான் இருக்கேன்" என்பாள் குமிழிடம். அன்றைக்கு அவள் வாய்விட்டுப் பேசிய முதல் வார்த்தையாக அது இருக்கும்.

கல்லறைத் திருநாளுக்கு மட்டும் அவள் தவறாமல் ஊருக்குப் போவாள். கடற்கரைத் தேவாலயப் பங்கில் கல்லறைத் தோட்டம் சிறியது, ஊர் பெரியது. அதனால் ஒரு குழி ஒருவருக்கே என்றைக்கும் சொந்தமில்லை. சில வருடம் கழித்துக் குழியைத் திறப்பார்கள். எலும்பை எடுத்து மூலையிலிருக்கும் பொது அஸ்திக்குழியில் சேர்ப்பார்கள். அந்த இடத்தில் அடுத்த ஆளை வைப்பார்கள். திறக்கும் முன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்வது வழக்கம்.

அப்பாவின் மரச்சிலுவை உப்புக்காற்றில் எப்போதோ உதிர்ந்துவிட்டது. சிஜிக்கு இடம்தான் அடையாளம். புன்னை மரத்தடியில், மதிலை ஒட்டி. இந்த வருடம் மண் புதிதாக, உயரமாகக் குவிந்திருந்தது. மெல்பின்தான் மண் போட்டிருக்கிறான் என்று நினைத்தாள். தம்பி மேல் பாசம் பொங்கியது.

முழங்காலில் நின்று மெழுகுதிரி ஏற்றினாள். அழுதாள். யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

"அப்பா... எனக்க கூட வந்து நில்லுங்க. அங்க எனக்கு ஆருமில்ல."

மறுநாள் மாலை வேலை முடிந்து வந்து நடையில் உட்கார்ந்தாள். லேப்டாப்பைத் திறந்தாள். விளக்கு அணையவில்லை.

ஒரு சினிமாவே பார்த்து முடிக்கலாம், அவ்வளவு நேரம் அசையாமல் இருந்தாள். அணையவில்லை. அவளுடைய தொழில் புத்தி எழுந்தது. ஜன்னலைச் சாத்தினாள், மின்விசிறியை நிறுத்தினாள், பிரிட்ஜைக் கழற்றினாள். சூடு வரக்கூடிய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நீக்கினாள். பிறகு தானும் படுக்கையறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டாள். கதவுக்கு அடியில் பார்த்தாள்.

நடையில் வெளிச்சம்.

அடுத்த நாள் தட்டும் சத்தம் தொடங்கியது. குளியலறைக்குள்ளிருந்து. டக்... டக்... டக். கொஞ்சம் அமைதி. மறுபடி மூன்று.

இதற்கும் காரணம் உண்டு. பைப்பில் வேகமாக ஓடும் தண்ணீரைச் சட்டென்று அடைத்தால், அந்த வேகம் போக இடமில்லாமல் பைப்பின் சுவரில் மோதும். உள்ளே காற்று ஏறினாலும் சில நேரம் தட்டும். மூன்றாம் மாடியில் யாரோ குழாயை மூடினால் ஒன்பதாம் மாடியில் கேட்கும். ஓசை காற்றைவிடத் தண்ணீரில் நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போகும். இரும்பில் இன்னும் வேகம். எங்கிருந்து வருகிறது என்று காது சொல்லாது. தன் வீட்டு வால்வை சிஜி இறுக மூடிப் பார்த்தாள்.

டக்... டக்... டக்.

அப்போதுதான் அவளுக்கு அப்பாவின் மீன்பிடி வள்ளம் நினைவுக்கு வந்தது. வலையை வளைத்துப் போட்ட பிறகு வள்ளத்தின் பக்கத்துப் பலகையைத் துடுப்பால் தட்டுவார்கள். சத்தம் தண்ணீருக்குள் பாய்ந்து மீனை வலைப்பக்கம் விரட்டும். அப்பா அதில் கெட்டிக்காரர். சின்ன வயதில் கரையில் உட்கார்ந்து அவள் அதைக் கேட்டிருக்கிறாள்.

பயம் போய்விட்டது. அப்பா வந்திருக்கிறார்.

குளியலறைச் சுவரில் இரண்டு முறை தட்டினாள். சத்தம் நின்றது. கேட்டுவிட்டது போல. பிறகு முன்னைவிட வேகமாக, அவசர அவசரமாக மூன்று, மூன்று, மூன்று.

"சரிப்பா, நான் உறங்கப் போறேன்" என்று சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்று நன்றாகத் தூங்கினாள்.

அப்படியே நாட்கள் போயின. வேலையிலிருந்து வருவாள். தட்டும். அவள் இரண்டு தட்டுவாள். அன்றைய கதையைச் சொல்வாள். மேனேஜரைத் திட்டுவாள். ஊரில் மெல்பின் காட்டாக்கடையிலிருந்து அனூப் என்று ஒரு வரன் பார்த்து வைத்திருந்தான். மனைவியை இழந்தவன். ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்கு வந்து சம்மதம் சொல்ல வேண்டும். "நான் மாட்டேன்னு சொல்லிருவேன்பா" என்றாள் சுவரிடம். "இப்ப நான் தனியா இல்லல்லா."

சில விஷயங்கள் மட்டும் சரியில்லை.

அப்பா தட்டினால் சத்தம் வள்ளத்தின் நீளத்துக்கு நகர்ந்துகொண்டே போகும். இது நகரவில்லை. ஒரே இடம். அதுவும் தாழ்வாக.

வாளியில் மாட்டி வைத்த கப்பு தினமும் மாலையில் தரையில் கிடந்தது.

நாளாக நாளாகத் தட்டு மெலிந்தது.

சனிக்கிழமை, மூன்று இரண்டானது... பிறகு ஒன்று.

ஞாயிறு காலை வீட்டைப் பூட்டும்போது காதை வைத்துக் கேட்டாள். ஒன்றுமில்லை.

கீழே ஞானையன் கேட்டைத் திறந்துவிட்டார். "ஊருக்கா மேடம்? பாறசாலை வழி போனா எனக்க வீட்டில ஒரு எட்டு கேறி, நான் சாவல்லன்னு சொல்லிருங்க" என்றார். சிஜி சிரித்தாள்.

பூவார் வீட்டின் அடுக்களையில் ஜினு சாளை மீன் உரசிக்கொண்டிருந்தாள். மத்தியானம் அனூப் வீட்டார் வருகிறார்கள். சிஜி பக்கத்தில் குந்தினாள்.

"ஜினு, எனக்கு இது வேண்டாம். நீ மெல்பின்கிட்ட பைய சொல்லு."

ஜினு கத்தியை நிறுத்தினாள். "அக்கா, ஒற்றைக்கு கிடந்து நீங்களும் அந்த மார்கிரெட்டுக்க கணக்கா ஆவாண்டாம்."

"எந்த மார்கிரெட்?"

"ஆருன்னு கேக்குதீங்களே! கல்லறைத் திருநாளுக்கு நீங்கதானே அவிய குழியில மெழுகுதிரி கொளுத்தி அழுதீங்க? இடவகைக் கோயில்ல எல்லாரும் சொன்னாவ. ஆருமில்லாத பெண்ணுக்கு சிஜி அழுதாளே, நல்ல மனசாக்கும்னு."

சிஜிக்குப் புரிய நேரம் பிடித்தது.

"அது அப்பாக்க குழி."

"அப்பாக்க எலும்ப சித்திரை மாசமே எடுத்தாச்சே." ஜினுவின் முகம் மாறியது. "உங்க தம்பி உங்ககிட்ட சொல்லல்லியா?"

மெல்பின் வாசலில் நின்றான். கையில் வரப்போகிறவர்களுக்கான சோடா பாட்டில்கள்.

"எலே, அப்பாவ எங்க போட்ட?"

"எல்லாரையும் போடுத இடத்திலதான். சொன்னா நீ வந்து கூப்பாடு போடுவ. உனக்கு வருசத்தில ஒரு மணிக்கூர்தானே அப்பா வேணும்?"

அந்தப் பேச்சு எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. ஆனால் சிஜி அவனைப் பார்க்கவில்லை. ஜினுவின் கையைப் பிடித்திருந்தாள்.

"மார்கிரெட் ஆரு?"

ஜினு தயங்கித் தயங்கிச் சொன்னாள். இந்தப் பங்குப் பெண். எறணாகுளத்தில் பெரிய வேலை. கல்யாணம் பண்ணவில்லை. அங்கே பிளாட்டில் தனியாக இருந்தாள். போன கோடையில்தான் செத்துக் கொண்டுவந்தார்கள். பெட்டியைத் திறக்க முடியவில்லை. கடைசி முத்தம்கூட யாரும் கொடுக்கவில்லை.

"குளிமுறியில வழுக்கி விழுந்துட்டாவ. இடுப்பெலும்பு ஒடிஞ்சு போச்சு. எழும்ப ஒக்கல்ல. உடனே சாவல்ல அக்கா... மூணு நாலு நாளு உயிரு கிடந்திருக்கு. கப்ப வச்சு பைப்பில தட்டிட்டே இருந்திருக்காவ. கீழ மேல எல்லாருக்கும் கேட்டிருக்கு. ஒருத்தன் பதிலுக்குத் தட்டிக்கூட பாத்திருக்கான். பிறகு அவனே வாட்சப்பில எழுதி விட்டான், பைப்பில காத்து கேறினதாக்கும்னு."

சிஜி தன் வலது கையைப் பார்த்தாள். சுவரில் இரண்டு தட்டு தட்டிய கை. சரி, நான் உறங்கப் போறேன்...

எத்தனை மாலை?

போன் அடித்தது. ஞானையன்.

அவள் எடுத்தாள். விரல் பட்டதில் ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது.

"மேடம், ஊரிலதானே? வீட்டில வேற ஆளு உண்டா?"

"இல்ல."

"கீழ உள்ள சிபி சாரு பராதி சொல்லுதாரு. மேல நிக்காம தட்டு கேக்குதாம். நான் இப்ப உங்க கதவுக்க முன்னதான் நிக்குதேன். உள்ள லைட்டு எரியுது." அவர் குரலைத் தாழ்த்தினார். "கதவில ரெண்டு தட்டு தட்டினேன் மேடம். சத்தம் நின்னு போச்சு. பிறகு..."

"பிறகு?"

"முதல்ல குளிமுறியில கேட்டுது. இப்ப அங்க இல்ல. கதவுக்க கிட்ட. கீழ... தரையோட சேந்து. இழுத்துட்டு வந்தது போல."

ஜினு மீன் கையோடு சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஆபீஸில ஒரு சாவி உண்டு மேடம். துறந்து பாக்கட்டா? ஆராவது விழுந்து கிடந்தா?"

மெல்பின் பாட்டில்களைத் தரையில் வைத்தான். அக்காவின் முகத்தையே பார்த்தான். அந்தப் பார்வையில் வேன் இருந்தது. கட்டிலும் அடுப்பும் ஏற்றிய வேன். வெளியே கார் வந்து நிற்கும் சத்தம். அனூப் வீட்டார்.

சிஜி உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"துறக்காண்டாம் அண்ணே."

"மேடம்...?"

"பைப்பில காத்து கேறினதாக்கும்."

ஞானையன் போனை வைக்கவில்லை. போனுக்குள்ளிருந்து, அடுக்களையில் இருந்த மூன்று பேருக்கும் கேட்டது.

டக்.