நான் பொறுக்கிக் கொடுத்த வசவு

நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தேன். எண்பதுகளில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றுக்கு டைப்பிஸ்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. நோட்டு முழுக்க ஆங்கில வசவு. அசிங்கமான வார்த்தைகள் இல்லை; ஆளின் கெட்ட குணத்தைச் சொல்லும் கௌரவமான வசவுகள். தமிழில் யாரையாவது நறுக்கென்று நாலு கேட்டால், பொம்பளைப் பிள்ளைக்கு இம்புட்டு வாயா என்று வீட்டில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் அகராதியைப் புரட்டி ஆளுக்கொரு வார்த்தை பொறுக்கினேன். எப்போதும் கடுகடுவென்று முறைக்கிற கண்டக்டருக்கு ‘சர்லி’. என்னைப் பெண் பார்க்க வந்து, பெருமை பீற்றிக்கொண்டு போன அம்மாளுக்கு ‘ஹாட்டி’. எங்கள் மேனேஜருக்கு மட்டும் லேசில் எதுவும் பொருந்தவில்லை. பத்து நாள் தேடி ‘அப்நாக்சியஸ்’ என்ற வார்த்தையைப் பிடித்தேன். பக்கத்தில் இருந்தாலே சகிக்க முடியாத ஆள் என்று அர்த்தம். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அந்த மில்லில் மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர் அண்ணன் ஒருவர் இருந்தார். அதிர்ந்து பேச மாட்டார். என் டைப்ரைட்டர் மக்கர் பண்ணினால் ஊசி முனையில் எண்ணெய் தொட்டு வைத்து, “இப்பம் ஓடும் பாரு தங்கச்சி” என்பார். ஒருநாள் நூல் சுற்றும் பகுதியில் ஒரு பிள்ளையின் கை மெஷினில் மாட்டிக்கொண்டது. அண்ணன் அந்த வரிசை முழுவதையும் நிறுத்திவிட்டு நேரே மேனேஜர் அறைக்குள் வந்தார். வெளியூர் விருந்தாளிகள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். “காரை எடுக்கச் சொல்லுங்க சார். பிள்ளைக்கு ரத்தம் நிக்க மாட்டேங்கு. மத்ததைப் பொறவு பேசுவோம்” என்றார். கார் போயிற்று, பிள்ளை பிழைத்துக்கொண்டது. நாலு பேர் முன்னால் மானம் போயிற்று என்று மேனேஜர் கருவிக்கொண்டே இருந்து, அந்த மாதமே அண்ணனை வேலையை விட்டு நிறுத்தினார்.

வேலையை விட்டுப் போகிறவருக்கு ஆங்கிலத்தில் ஒரு சர்டிபிகேட் அடித்துக் கொடுப்பது வழக்கம். அதைக் காட்டினால்தான் அடுத்த மில்லில் ஏறெடுத்துப் பார்ப்பார்கள். கொண்டுபோகிறவருக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “நடத்தைன்னு ஒரு வரி வரும்லா, அதுல ஒத்தை வார்த்தை போடு. படிக்கிறவன் கேட்டைத் தெறக்கக் கூடாது. நீதான் டிக்‌ஷனரியைக் கரைச்சுக் குடிச்சவளாச்சே.” தெரியாது சார் என்று சொல்லியிருக்கலாம். மரியாதை தெரியாதவர் என்பதற்கு ‘ரூட்’ என்றேன். உதட்டைப் பிதுக்கினார். திமிர் பிடித்தவர் என்பதற்கு ‘இன்சொலன்ட்’ என்றேன். இன்னும் உறைப்பாக வேண்டும் என்றார். எனக்கும் ஒரு வேகம் வந்துவிட்டது. அவருக்கென்றே தேடி வைத்திருந்த வார்த்தையை அவர் கையிலேயே எடுத்துக் கொடுத்தேன். “பலே!” என்றார். பாவி எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ராஜபாளையத்தில் மில்லுக்கா பஞ்சம்? ஆனால் அண்ணனை ஒருவரும் சேர்க்கவில்லை. நாலைந்து மாதம் கழித்துப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். ஆள் பாதியாகியிருந்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து அந்தத் தாளைப் பதனமாக எடுத்தார். “வாங்கிப் படிக்காக, என்னை ஒரு மாதிரியாப் பாக்காக, ஆள் வேண்டாங்காக. இதுல நல்லாத்தான தங்கச்சி எழுதியிருக்கு?”

என் பஸ் வந்து நின்றது. “நல்லாத்தாண்ணே இருக்கு” என்று சொல்லி ஏறிவிட்டேன். வேறொன்று அடித்துக் கொடுத்திருக்கலாம். மில்லின் பெயர் அச்சிட்ட தாள் என் மேஜையில்தான் கிடந்தது. என் வேலை போய்விடும் என்று பயந்தேன். மறுநாள் காலையில் நோட்டை வெந்நீர் அடுப்பில் போட்டேன். இன்றைக்கும் அந்த வார்த்தை எங்காவது கண்ணில் பட்டால் எனக்குச் சோறு இறங்காது.

தொண்ணூறுகளில், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடைக்குப் போனேன். உள்ளே அடுப்படியில் பால் கிண்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “தங்கச்சியா?” என்று எழுந்து வந்தார். அண்ணனுக்கு முடியெல்லாம் நரைத்திருந்தது. சாப்பாடு கொண்டுவந்திருந்த மகளைக் கூப்பிட்டார்.

“ஏட்டி, இங்க வா. நம்ம பேப்பரை அடிச்சுக் கொடுத்த அத்தை இவுகதான்.” என் பக்கம் திரும்பினார். “இவ காலேசுல இங்கிலீஷ்தான் படிக்கா. அதை வாசிக்கச் சொன்னேன். நல்ல வேலைக்காரரு, தங்கமான மனுசருன்னு போட்டிருக்காம்லா! என் நேரந்தான் சரியில்ல தங்கச்சி. பேப்பர் மேல ஒரு குத்தமும் இல்ல.”

எனக்கென்று கொஞ்சம் பால்கோவா மடித்து வர உள்ளே போனார். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்பாட்ட நான் சொல்லல அத்தை. சொல்லவும் மாட்டேன்” என்றாள்.

மேனேஜர் சொன்னார், நான் அடித்தேன் என்று சொல்ல வாய் வரை வந்தது.

“நீங்க எங்க அப்பாகூட வேலை பாத்திருக்கீகள்லா? அவுக எப்படிப்பட்டவுகன்னு உங்களுக்குத் தெரியும்லா?” என்று கேட்டாள்.

தெரியும் என்று தலையை ஆட்டினேன்.