கோபுரத்திலிருந்து விழுந்த சப்பாத்து

முதற் சப்பாத்து சரளைக்கல்லில் விழுந்தபோது நான் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று பெட்டிகளை ஏற்றுவித்துக்கொண்டிருந்தேன். ஆண்கள் போடுகிற கறுப்புச் சப்பாத்து. யாரோ ஜன்னலில் வைத்தது தவறி விழுந்துவிட்டது என்று நினைத்தேன். அதை எடுக்கக் குனிந்தபோது மற்றச் சப்பாத்து என் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். கோட்டைக் கோபுரத்தின் உச்சியில், கற்களுக்கு நடுவே கீறல் போல ஒரு ஜன்னல். அதற்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து ஆடியது. காப்புப் போட்ட கை.

மெல்பர்னில், டண்டினொங்கில் ஒரு ட்ராவல் ஏஜென்சியில் நீண்ட காலமாக வேலை செய்கிறேன். குறூப் டூருக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவதும் என் பொறுப்பு. புதிதாகச் சேருகிற பிள்ளைகள் விசாவைப் பற்றியும் ட்ரான்ஸிட் பற்றியும் கேட்பார்கள். நான் அவர்களுக்கு முதலில் சொல்வது அயர்லாந்தில் நடந்த இந்தச் சம்பவத்தைத்தான்.

1. பேய் அறை

பழைய கோட்டைகளில் தங்குவதுதான் அந்த டூரின் விசேஷம். புக்கிங்குக்கு வந்த சூசை அங்கிள் மன்னார்க்காரர், நல்ல பருமன், பெரிய குரல்.

"பிள்ளை, பேய் இருக்கிற அறையாப் பாத்து எனக்குப் போடு. நான் காணாத பேயே?"

அவருடைய மனைவி றீற்றா அன்ரி மெல்லிய உருவம். "இவருக்கு விசர். எனக்குக் கீழ, சமைக்கிற குசினிக்குப் பக்கத்தில ஒரு அறை காணும்" என்றார்.

அங்கிள்தான் வென்றார். கோபுரத்தின் மேலறை அவர்களுக்குக் கிடைத்தது. ஏறும் படி சுழன்று சுழன்று போகும். ஒரு நேரத்தில் ஓராள்தான் போகலாம். கைபிடிக்குப் பதிலாக நடுத்தூணில் ஒரு தடித்த கயிறு. சுவர் என் இரண்டு கையையும் விரித்தாலும் எட்டாத தடிப்பு. அறையில் ஃபோன் இல்லை, மொபைலுக்கு சிக்னலும் இல்லை. "எங்கள் விருந்தினர்கள் விரும்புவதே இந்த அமைதியைத்தான்" என்று கோட்டை மனேஜர் பெருமையாகச் சொன்னார். இரவுச் சாப்பாட்டின்போது அந்தப் படியில் கேட்கும் காலடிச் சத்தம் பற்றியும் கதை சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் தனியாக அறைக்குப் போகவில்லை.

2. கதவு

அடுத்த நாள் காலைதான் அந்தச் சப்பாத்துகள் விழுந்தன. நான் ஓடினேன். மூச்சு வாங்க மேலே போய்க் கதவைத் தள்ளினேன். நாலு விரல் அகலத்துக்குத் திறந்தது. பிறகு ஏதோ மெத்தென்று முட்டியது.

"தள்ளாதை ஜெயா! அவர் கதவோட கிடக்கிறார்!" என்று உள்ளேயிருந்து றீற்றா அன்ரி என்னைப் பார்த்துக் கத்தினார்.

காலைச் சாப்பாட்டுக்குப் புறப்பட்டு, கதவில் கை வைத்த அங்கிள் அப்படியே சரிந்து விழுந்திருக்கிறார். உள்பக்கம் திறக்கிற கதவு. அவர் கிடந்தது அதற்குக் குறுக்கே. அன்ரியால் வெளியே வர முடியவில்லை.

"கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை அடைச்சுப் போச்சு. ஒருத்தருக்கும் கேக்கேல்லை. அதுதான் இவரின்ர சப்பாத்தைக் கழட்டி எறிஞ்சனான். இவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்திட்டுது பிள்ளை."

ஸ்ட்ரோக் என்று விளங்கியது. கீழே பார்த்து அம்புலன்ஸ் கூப்பிடச் சொல்லிக் கத்தினேன். என் குரல் சுவரிலேயே சுழன்றது. மூன்றாம் தரம் கத்தியபிறகுதான் மனேஜர் பதில் சொன்னார். அம்புலன்ஸ் பக்கத்து ஊரிலிருந்துதான் வரவேண்டுமாம்.

இடைவெளியால் பார்த்தேன். அங்கிளின் ஒரு கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஏதோ சொல்ல முயன்றார். சத்தம் மட்டும்தான் வந்தது, சொல் வரவில்லை. அந்தக் கண்ணில் இருந்த பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. படியில் குந்தி, இடைவெளியில் வாயை வைத்துச் சொன்னேன்.

"அன்ரி, கட்டில் விரிப்பை உருவுங்கோ. அவரை மெல்லச் சரிச்சு அதை அவருக்குக் கீழ விடுங்கோ. பிறகு விரிப்பைப் பிடிச்சு இழுங்கோ."

"ஏலாது பிள்ளை. அவர் மலை மாதிரி."

"ஒரு சாண் காணும் அன்ரி. ஒரே ஒரு சாண்."

உள்ளே அன்ரி "மாதாவே, மாதாவே" என்று இழுப்பது கேட்டது. ஒவ்வொரு 'மாதாவே'க்கும் துணி கல்லில் கொஞ்சம் உரசியது. கடைசியில் கதவு அசைந்தது. நான் பக்கவாட்டாக நுழைந்தேன். சட்டைப் பொத்தான் அறுந்து விழுந்தது.

3. கயிறு

அம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர். ஆளை இருத்தி இறக்க அவர்கள் கொண்டுவந்த மடக்குக் கதிரை முதல் வளைவிலேயே சிக்கியது. கைபிடி தைத்த தடித்த துணியில் அங்கிளைச் சுற்றி, கால் முன்னாலே இருக்கும்படி தூக்கினார்கள். ஒருவர் கீழ், ஒருவர் மேல். ஒக்சிஜனை நான் பிடித்தேன். ஓராள் வழுக்கினால் எல்லோரும் போவோம்.

பாதி வழியில் எல்லாம் நின்றுவிட்டது. அங்கிள் இழுபடாத, வழங்குகிற கையால் கயிற்றைப் பிடித்துவிட்டார். அவர்கள் இங்கிலீஷில் கெஞ்சினார்கள். பிடி இன்னும் இறுகியது. கீழே தாங்கி நின்றவர் சுவரில் தோளை முட்டுக்கொடுத்தார்.

மேலே, வளைவுக்கு அப்பால், அன்ரியின் குரல் கேட்டது. கத்தவில்லை, வீட்டில் பேசுவது போலத்தான் பேசினார்.

"கயித்தை விடுங்கோப்பா. நான் பின்னால வாறன். விடுங்கோ."

விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

அங்கிள் உயிர் பிழைத்தார். அயர்லாந்து ஆஸ்பத்திரியில் பல நாள் இருந்து மெல்பர்னுக்குத் திரும்பினார். பேச்சு மெல்ல மெல்ல வந்தது. ஒரு கை இன்னும் முழுதாக வழங்கவில்லை.

அதன்பிறகு எந்தப் பழைய கட்டிடத்தை புக் பண்ணினாலும் நான் மூன்று கேள்வி கேட்பேன். அறையிலிருந்து ஆளைக் கூப்பிட வழி இருக்கிறதா? கதவு எந்தப் பக்கம் திறக்கும்? நடக்க ஏலாத ஒருவரை எப்படிக் கீழே இறக்குவீர்கள்? ஒரு கோட்டைக்காரர், "அம்மணி, நீங்கள் தங்கவா வருகிறீர்கள், படையெடுக்கவா?" என்று கேட்டார். என் மூன்று கேள்விக்கும் அவர் பதில் சொல்லும்வரை காத்திருந்தேன். பிள்ளைகளே, ஜன்னலால் தெரிகிற காட்சியைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். வெளியே வருகிற வழியை நீங்கள்தான் கேட்கவேண்டும்.

என் வீட்டுக் குளியலறைக் கதவையும் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றிப் போட்டேன். போன மாதம் வந்த றீற்றா அன்ரி அதைக் கண்டார். இரண்டு தரம் திறந்து மூடிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்தார். தேத்தண்ணி ஆறும்வரை விடவில்லை.