ஜெயமேரிக்குச் சேர வேண்டிய ஒரு வார்த்தை

சூசை அண்ணன் போன செய்தி வந்தபோது மலைமேல் தானா ராத்தாவில் இருக்கும் என் சிறிய விடுதியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஜொகூரிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் அவர் வேனுக்காகக் குல்லாவும் கம்பளிச் சட்டையுமாகக் காத்துக்கொண்டிருந்தது. வேன் வரவில்லை, தொலைபேசிதான் வந்தது. இன்னொரு வேனோட்டியான முனியாண்டி பேசினான். "அக்கா, சூசையண்ணன் வரமாட்டாரு லா. வேன கழுவிக்கிட்டு இருந்தவரு அப்படியே படியில உக்காந்துட்டாரு. அவ்வளவுதான், போயிட்டாரு." கல்லில் கிடந்த தோசை கருகியது. அடுப்பை அணைத்துவிட்டு, அந்தக் குடும்பத்திடம் வேறு வண்டி வரும் என்று சொன்னேன்.

அன்று மாலையே இன்னொரு செய்தியும் வந்தது. பிரிஞ்சாங் போகும் சாலையில் பெரிய பூந்தோட்டம் வைத்திருப்பவர் முகநூலில் சூசை அண்ணன் படத்தைப் போட்டு, "என் நீண்ட நாள் நண்பர். எங்கள் தோட்டத்துக்கு எண்ணற்ற குடும்பங்களை அன்போடு அழைத்து வந்தவர்" என்று எழுதியிருந்தார். அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த மனிதர் தோட்டத்துப் பூசணிக்காய் அத்தனையையும் ஒரே தட்டில் மறைத்துவிட்டார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அண்ணனைத் தெரிந்த நீங்கள் எல்லாரும் இதைப் படிக்க வேண்டும். அந்தப் பூந்தோட்டக்காரரும் படிக்க வேண்டும்.

அண்ணன் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அம்மா கொழுந்தெடுத்தவர். அண்ணன் முதலில் காய்கறி லோரி ஓட்டினார், பிறகு பழைய வேன் ஒன்றை வாங்கி, விடுமுறைக்கு மலையேறி வரும் குடும்பங்களைச் சுற்றிக் காட்டத் தொடங்கினார். என் விடுதிக்கு வருகிறவர்களை நான் அவரிடம்தான் ஒப்படைப்பேன். காலையில் தேயிலை மேடு, பிறகு பட்டாம்பூச்சிப் பண்ணை, தேனீப் பண்ணை, ஸ்ட்ராபெரி பறிப்பது, மாலையில் பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் அவித்த சோளம். எல்லா வேனும் போகும் வழிதான் அது. ஆனால் அவர் வேனில் போய் வந்தவர்கள் மறு வருடமும் அவரையே கேட்பார்கள்.

ஒருமுறை ஈப்போவிலிருந்து வந்த புருஷனும் பெண்சாதியும் மலையேறும் வழியில் ரிங்லெட்டிலேயே சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். மாமியாரை முன்சீட்டில் உட்கார வைத்ததுதான் காரணம். மறுநாள் அண்ணன் வேனில் ஏறியும் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் நடுவில் திருதிருவென்று விழித்தன. அண்ணன் தேயிலை மேட்டில் வண்டியை நிறுத்தி, "இந்த மலைல சண்ட போட்டா மூச்சு வாங்கும் தம்பி. கீழ தாப்பா எறங்கினதும் போட்டுக்குங்க, அங்க காத்து நல்லா இருக்கும்" என்றார். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியார் தானாகவே பின்சீட்டுக்கு மாறினார். குடும்பமாக ஏற்றினால் குடும்பமாகத்தான் இறக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

அப்படிப்பட்டவருடைய குடும்பத்தை ஒருவர் எப்படி இறக்கி அனுப்பினார் என்பதைச் சொல்கிறேன்.

அந்தப் பூந்தோட்டத்தில் ஒவ்வொரு வருடக் கடைசியிலும் ஒரு கண்காட்சி நடக்கும். பூவாலேயே கிறிஸ்துமஸ் மரம், பூவாலேயே மான், பஞ்சால் பனி. கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கெரெத்தா கெரெத்தாவாக, கார் காராக, வந்து குவிவார்கள். அண்ணனும் ஊரார் குடும்பங்களை அங்கே கொண்டுபோய் விட்டுக்கொண்டே இருந்தார். தன் குடும்பத்தை அழைத்துப் போனதில்லை. பிள்ளைகள் கேட்டுக் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மனைவி ஜெயமேரி அண்ணியையும் இரண்டு மகள்களையும் அதே வேனில் ஏற்றிக்கொண்டு போனார். நானும் ஒட்டிக்கொண்டேன். எல்லாருக்கும் டிக்கெட் வாங்கினார். அண்ணி புதுப் புடவை கட்டியிருந்தார், தோளில் ஒரு பெரிய துணிப்பை. பிள்ளைகள் பூமானுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நல்ல நாள்தான் அது.

வெளியே வரும் வாசலில், முகநூலில் எழுதிய அதே தோட்டக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய அப்பா, அண்ணனின் அம்மா வேலை செய்த தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. அந்தக் காலத்தில் வேலை விட்டு வீடு திரும்பும் பெண்கள் கிராணிக்கு முன்னால் வரிசையாக நின்று பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் லயத்துக்குப் போக முடியும். கொழுந்தைத் திருடிக்கொண்டு போகிறார்களாம். தூக்குச்சட்டியைக்கூடத் திறந்து பார்ப்பார்கள். மகன் கோட்டு போட்டு, கோலாலம்பூர் ஆட்களோடு கைகுலுக்கப் பழகிவிட்டார், வாசலில் நிற்கும் பழக்கம் மட்டும் அப்பாவிடமிருந்து அப்படியே வந்திருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் பெரிய பெரிய பைகளோடு போனது. அவர்களுக்குச் சிரித்துத் தலையாட்டினார். அண்ணியைப் பார்த்ததும் கையை நீட்டி நிறுத்தினார். "நாத்து கொஞ்சம் காணாமப் போச்சு. பையக் கொஞ்சம் தெறந்து காட்டு."

காட்டு என்றார். காட்டுங்கள் என்றுகூட வரவில்லை அந்த வாயில். அண்ணி அண்ணனைப் பார்த்தார், பிறகு திறந்தார். புளிச்சோற்றுப் பொட்டலம், சின்னவளுடைய கம்பளிச் சட்டை, தண்ணீர் பாட்டில், ஜெபமாலை. ஒவ்வொன்றாக எடுத்து வேலைக்காரப் பையன் மேசைமேல் வைத்தான். பின்னால் நின்ற வரிசை முழுவதும் பார்த்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. தோட்டக்காரர், "சரி, போங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த குடும்பத்தைப் பார்த்துச் சிரித்தார்.

அண்ணன் போகவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "எங்க அம்மா பைய உங்க அப்பா பாத்தாரு. அது தோட்டத்துச் சட்டம்னு அவங்க காட்டினாங்க. இது நான் டிக்கெட் வாங்கிக் கூட்டிட்டு வந்த எடம். என் பொண்டாட்டிகிட்ட மன்னிச்சுக்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போயிடறோம்" என்றார். தோட்டக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பெருசு பண்ணாத சூசை, வரிசை நிக்குது" என்றார். அண்ணி பொட்டலத்தையும் சட்டையையும் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். இதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மறுநாளிலிருந்து அண்ணன் வேன் அந்த வாசலில் நிற்கவில்லை. எங்கள் ஊரில் வேனோட்டிகள் ஒரு இடத்தின் வாசலை நெருங்கும்போது இரண்டு தரம் ஹாரன் அடிப்பார்கள், ஆள் வருகிறது என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியட்டும் என்று. அண்ணன் அந்த வளைவில் ஹாரனைத் தொடாமல் நேராகப் போனார். வேனில் இருப்பவர்கள், "அங்கிள், இங்க போகலியா? பேப்பர்ல போட்டிருந்தாங்களே" என்று கேட்டால், உள்ளதைச் சொல்வார். "இங்க என் பொண்டாட்டி பைய மட்டும் தெறந்து பாத்தாங்க. நீங்க போகணும்னா தாராளமாப் போங்க, நான் ரோட்டுல நிக்கிறேன்." பெண்கள் தங்கள் கைப்பையைப் பார்த்துக்கொள்வார்கள். அநேகமாக யாரும் இறங்க மாட்டார்கள்.

நான் அவ்வளவு யோக்கியமாக இருக்கவில்லை. என் விடுதியில் யாராவது அந்தத் தோட்டத்துக்கு வழி கேட்டால், "தூத்துப், மூடிட்டாங்க" என்று வாய் கூசாமல் சொல்லிவிடுவேன். பூ எல்லாம் அழுகிப்போய்விட்டது என்றும் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் அண்ணன் காதில் விழுந்துவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். "பொய் சொல்லிப் பழி வாங்கினா அது கோள்மூட்டறது தங்கச்சி. அவன் செஞ்சதச் சொன்னாலே போதும், அதவிடக் கேவலமா நீ என்னத்தச் சொல்லிறப் போற?" என்றார். அதற்குப் பிறகு நானும் உள்ளதையே சொல்லத் தொடங்கினேன். அது பொய்யைவிட நன்றாக வேலை செய்தது.

ஒரு தரம் பினாங்கிலிருந்து வந்த குடும்பத்தில் நடக்க முடியாத அம்மா ஒருவர் இருந்தார். அந்தப் பூமானைப் பார்த்தே தீர வேண்டும் என்றார். அண்ணன் அவரைத் தாங்கிப் பிடித்து வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, மழையில் ரோட்டோரமாக வேனுக்குள் உட்கார்ந்திருந்தார். தோட்டத்திலிருந்து ஒரு ஆள் குடையோடு வந்து, முதலாளி உள்ளே தேநீர் குடிக்கக் கூப்பிடுகிறார் என்றான். "தேத்தண்ணி எங்க வீட்டுலயும் இருக்கு. அந்த வார்த்த இருந்தா எடுத்துக்கிட்டு வரச் சொல்லு" என்று அனுப்பிவிட்டார்.

முனியாண்டியும் மற்ற வேனோட்டிகளும் ஒவ்வொருவராக ஹாரன் அடிப்பதை நிறுத்தினார்கள். அண்ணன் யாரையும் கேட்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் ஒரு அம்மா இருந்தாள், அந்த அம்மாவுக்கு ஒரு பை இருந்தது. கம்போங் ராஜா பக்கத்திலிருந்து வருகிற வண்டிகள்கூட அந்த வாசலைத் தாண்டிப் போகத் தொடங்கின. பூமான்கள் ஒவ்வொரு வருடமும் சிறுத்துக்கொண்டே வந்தன. எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ தெரியாது. நினைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டக்காரர் எல்லாம் செய்து பார்த்தார். கோயில் ஆட்களைத் தூது விட்டார். கிறிஸ்துமஸுக்குப் பெரிய கூடையில் பழமும் கேக்கும் அனுப்பினார். வேனுக்கு வேன் கமிஷன் தருகிறேன் என்றார். கூடையை அண்ணன் தானே சுமந்துகொண்டு போய் அந்த வாசலில் வைத்துவிட்டு வந்தார். கல்லில் நார் உரித்துவிடலாம், அந்த மனிதர் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தையை வரவழைக்க முடியாது என்று நான் சொன்னபோது அண்ணன் சிரித்தார். "சொல்லுவான் தங்கச்சி. ஜெயமேரி காதுல விழற மாதிரி சொல்லிட்டான்னா மறுநாள் மொத வண்டி என்னோடதுதான். ரெண்டு ஹாரன் இல்ல, நாலு ஹாரன் அடிப்பேன்." அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

அடக்கத்தன்று தோட்டக்காரர் வந்தார். லோரிச் சக்கரம் அளவுக்கு ஒரு மலர்வளையம், அதில் அவருடைய தோட்டத்தின் பெயர் பெரிய எழுத்தில். அண்ணனைக் கூடத்தில் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் நான் நின்றேன், பக்கத்தில் நாற்காலியில் ஜெயமேரி அண்ணி. ஜெபம் நின்ற நேரம் பார்த்துத் தோட்டக்காரர் பெட்டியருகே வந்து குனிந்தார். அண்ணனின் காதருகில், ஆனால் எங்களுக்கும் கேட்கும்படி, "சூசை, அன்னைக்கு நடந்தது தப்புதான். மனசுல வச்சுக்காதப்பா. மன்னிச்சிரு" என்றார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

எத்தனை வருடமாக நாங்கள் காத்திருந்த வார்த்தை. அதைப் பதில் சொல்ல முடியாத ஆளாகப் பார்த்து, கேட்க முடியாத காதில் கொண்டுபோய்ப் போட்டார்.

அண்ணி தலையை நிமிர்த்தினார். "சார், அவரு பைய நீங்க பாக்கல. என் பையத்தான் பாத்தீங்க. நான் இங்கதான் உக்காந்திருக்கேன்" என்றார். வேனோட்டிகள், கோயில் ஆட்கள், இரண்டு மகள்கள், எல்லாரும் தோட்டக்காரரைப் பார்த்தார்கள். அவர் அண்ணியைப் பார்த்தார். உதடு அசைந்தது. அந்த ஒரு நொடி அவர் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். பிறகு, "இப்ப எதுக்கும்மா அதெல்லாம், பின்னால பேசுவோம்" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்ச் செருப்புக் குவியலில் தன் சப்பாத்தைத் தேடினார். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் மலர்வளையத்தை நான்தான் தூக்கிக்கொண்டு போய் வெளியே சாக்கடை ஓரமாக வைத்தேன். அன்று நல்ல மழை.

தோட்டக்கார ஐயா, இனி உங்களிடமே நேராகப் பேசிவிடுகிறேன். வருடக் கடைசிக் கண்காட்சிக்கு ஆள் வரும் நேரம் இது. வேன்கள் இனியும் உங்கள் வாசலில் நிற்காது, முனியாண்டி சொல்லிவிட்டான். நீங்கள் எழுதிய "நீண்ட நாள் நண்பர்" என்பதற்குக் கீழே இந்தக் கட்டுரையைப் போடுவேன். நீங்கள் அழித்தால் மறுபடியும் போடுவேன்.

அண்ணனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய கோபத்தை. ஆனால் அவர் அதை வைத்திருந்த மாதிரி என்னால் வைத்திருக்க முடியவில்லை. அவர் கோபத்துக்கு ஒரு கதவு இருந்தது, நீங்கள் வந்து தட்டினால் திறந்திருப்பார். அண்ணியும் அப்படித்தான். இன்றைக்கு நீங்கள் அந்த வீட்டுக்குப் போய் அந்த வார்த்தையைச் சொன்னால் மன்னித்துவிட்டு, உங்களுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பார். அண்ணிக்குச் சேர வேண்டிய வார்த்தைதான் அது, அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும், நீங்கள் அந்தப் பக்கம் வந்துவிடக் கூடாது என்றுதான் தினமும் விளக்கேற்றும்போது கும்பிட்டுக்கொள்கிறேன்.