மாதாமாதம் வருத்தம்

வேலைக்குப் புறப்படும் முன் நிரோஜா குசினிக் கதவடியில் நின்று, எந்தப் பேனாவை எடுப்பது என்று யோசிக்கிறார். அடிவயிற்று வலிக்குச் சிவப்பு, நெஞ்சுப் படபடப்புக்கு நீலம், திடீரென ஏறும் உடம்புச் சூட்டுக்குப் பச்சை. தமிழ்க்கடைக் கலண்டரின் இன்றைய கட்டத்தில் மூன்று புள்ளிகளும் விழுகின்றன. "இஞ்சேரும், எந்த நாட்டுக் கொடி கீறுறீர்?" என்கிறார் கணவர் கிருபானந்தன். "என்ரை நாட்டுக் கொடிதான்" என்றுவிட்டுச் சப்பாத்தை மாட்டுகிறார்.

வயது நாற்பத்து நான்கு. பிரெஞ்சு பேசும் ஊரான சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பதினொரு வருடமாகக் குளிசை அட்டைகளை, குழிக்குக் குழி மாத்திரை இருக்கிறதா என்று சரிபார்க்கிறார். ஒரு குழி வெறுமையாக இருந்தால் கண் தானாகப் பிடித்துவிடும். வெளியே பனி கொட்டும்போதும் பஸ் ஜன்னலைத் திறப்பார். பக்கத்து இருக்கைக்காரர் முறைத்தால் "பார்தோன்" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டுச் சிரிப்பாரே தவிர மூடமாட்டார். "ஊருலகத்துக்கெல்லாம் குளிசை அனுப்புறன். எனக்கு எது எண்டுதான் ஒருத்தருக்கும் தெரியேல்லை" என்பது அவருடைய நிரந்தரப் புறுபுறுப்பு.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒன்று கிடைத்தது, பிழையான குளிசை. மருத்துவருக்குப் பிரெஞ்சு, நிரோஜாவுக்குத் தமிழ். நடுவில், தொலைபேசியில் மொழிபெயர்க்கப் பார்கவி என்ற சென்னைப் பெண்.

"எனக்கு மாதாமாதம் சரியான வருத்தம்" என்றார் நிரோஜா. யாழ்ப்பாணத்தாருக்கு வருத்தம் என்றால் நோய், சென்னைக்காரருக்கு மனக்கவலை.

"ஏங்க, வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"சீச்சீ, வீட்டிலை ஒருத்தருக்கும் வருத்தமில்லை. எனக்கு மட்டும்தான்."

பாவம், அந்தப் பிள்ளை தான் விளங்கிக்கொண்டதை ஒழுங்காகத்தான் சொன்னது. மருத்துவர் தலையாட்டி, மனக்கவலைக்குக் குளிசை எழுதினார். படபடப்பு கொஞ்சம் அடங்கியது, வலி அசையவில்லை. எல்லாம் தன் மண்டைக்குள்தானோ என்று நிரோஜாவே தன்னைச் சந்தேகிக்கத் தொடங்கினார். வலியைவிட அதுதான் கொடுமை. மூன்று பேனாக்களும் அப்போது வாங்கியவை.

போன செவ்வாய்க்கிழமை கலண்டரை ஆணியிலிருந்து கழற்றிச் சுருட்டிக்கொண்டு போனார். அதே மருத்துவர், நல்லகாலம், தொலைபேசியிலும் அதே குரல்.

"வருத்தம் குறைஞ்சிருக்கா அக்கா?"

"எங்கை, பிள்ளை! அடிவயித்திலை பிடிச்சு இழுக்குது."

"வருத்தம்... வயித்துலயா?" பார்கவியின் குரல் உயர்ந்தது. "ஐயோ அக்கா, உங்க ஊர்ல வருத்தம்னா நோயா? நான் கவலைன்னு சொல்லிட்டேனே!"

பார்கவி தன் பிழையை ஒளிக்காமல் மருத்துவரிடம் சொன்னார். மருத்துவர் அம்மா கலண்டரை விரித்து, மாதம் மாதமாகப் புரட்டினார். கர்ப்பப்பையில் கட்டி இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், மாதவிடாய் நிற்கப்போகும் காலத்து ஹோர்மோன் மாற்றமாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்தே வந்திருக்கலாம். வலி பதற்றத்தைக் கூட்டும், பதற்றம் வலியைக் கூட்டும், இரண்டும் பொய்யில்லை என்றார். இரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கானுக்கும் எழுதினார்.

"நீங்க வச்ச புள்ளியெல்லாம் ரொம்ப உதவியா இருக்குன்னு டாக்டர் சொல்றாங்க அக்கா."

"அப்ப எனக்கு விசர் இல்லைத்தானே?"

"பைத்தியமா? இல்லவே இல்லக்கா."

நிரோஜா புறங்கையால் கண்ணைத் துடைத்தார். மேசையில் கிடந்த கலண்டரை எடுத்தார். "நீரும் ஒருக்கால் பாரும், பிள்ளை" என்று சொல்லி, குரல் மட்டுமே வரும் அந்தத் தொலைபேசிக்கு நேராகத் திருப்பிப் பிடித்து, ஒவ்வொரு மாதமாகப் புரட்டிக் காட்டினார்.