வைத்திலிங்கம் பிள்ளை எழுதாத கடிதம்

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸராக இருந்த வைத்திலிங்கம் பிள்ளை காலமான செய்தி எனக்குச் சென்ற வாரம்தான் கிடைத்தது. பாரிட் புந்தார் அரிசி ஆலைக்காரர்கள் எழுதிய கடிதம் முதலில் ஈப்போ வக்கீல் பிள்ளையிடம் போய், அங்கிருந்து என்னிடம் வந்தது. உறையின்மேல் "பிள்ளை" என்பது மட்டுமே தெளிவாக இருந்தது.

அவர் இருந்தால் சிரித்திருப்பார். "கோர்ட்டுல வாதாடுறவரு பிள்ளை, கோயில்ல நாயனம் வாசிக்கிறவரு பிள்ளை, பல்லு புடுங்குறவரும் பிள்ளை. தபால்காரன் என்னதான் செய்வான், பாவம்!" என்று அடிக்கடி சொல்வார். பத்து காஜா அருகே எங்கள் ரப்பர் தோட்டத்திலேயே இரண்டு பிள்ளைகள். ஆஸ்பத்திரியில் அவர், ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக நான்.

ஒரு மழைக்காலத்தில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துச் சனங்களை வயிற்றுப்போக்கு வாரிக்கொண்டு போனது. ஆற்றுத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். குழாய் போடும்படி அவர் தோட்ட மானேஜரான துரையிடம் மூன்று முறை கேட்டும் பலனில்லை. மனம் பொறுக்காமல் நான் ஈப்போப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதினேன். முழுப்பெயர் போடத் துணிவில்லை. "பிள்ளை" என்று மட்டும் கையெழுத்திட்டேன்.

துரை எங்கள் இருவரையும் அழைத்தார். பத்திரிகையை மேசைமேல் போட்டு, "எந்தப் பிள்ளை?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். வைத்திலிங்கம் அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார்.

"நான்தாங்க தொரை" என்றார்.

மறுநாள் காலை அவர் பெட்டி கட்டும்போது, "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"ஒம் பொண்டாட்டிக்கு இது மாசம். நான் ஒண்டிக்கட்டை. எங்க போனாலும் புண்ணுக்கு மருந்து கட்டிப் பொழச்சுக்குவேன், போ."

அப்படி நடக்கவில்லை. துரைமார் ஒருவருக்கொருவர் சொல்லி வைத்தார்கள். எந்தத் தோட்டமும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசிவரை அரிசி ஆலையில் மூட்டை தைத்தார். உமித்தூசி நெஞ்சில் இறங்கிவிட்டதாம்.

பத்திரிகைக்கு எழுதி வேலையிழந்தவர் என்று இந்தப் பத்திரிகை வாசகர்களான நீங்கள் இன்று அவரைப் புகழ்கிறீர்கள். அவர் அதைவிடப் பெரியவர். அந்தக் கடிதத்தை எழுதியவன் நான். துரை இதைப் படித்தபின் என் வேலையும் போகலாம், போகட்டும். அவர் உயிரோடிருக்கும்போது சொல்லியிருக்க வேண்டியது இது.

தோட்டத்தை விட்டுப் போன பிறகு அவர் எனக்கு ஒரே ஒரு கார்டு எழுதினார். கோபமில்லை, குறையில்லை. "தம்பி, லயத்துக்குக் குழாய் வந்துவிட்டதா?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

அப்போது குழாய் வந்து ஆறு மாதமாகியிருந்தது. வெட்கத்தில் நான் பதில் எழுதவில்லை. அவருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கார்டுதான்.