ஆபரேட்டர் தவறு

அந்தச் சிவப்புப் பேனாவின் மூடியில் எப்போதும் பல் தடம் இருக்கும். எங்கள் சூப்பர்வைசர் யோசிக்கும்போது அதைக் கடிப்பார். திருமணத்துக்கு முன்பு, சென்னைக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். ஒருநாள் சோதனை மெஷின் நல்ல போர்டுகளையும் பழுது என்று தள்ளத் தொடங்கியது. பதிவேட்டில் ‘மெஷின் கோளாறு’ என்று எழுதினேன். அவர் மூடியைக் கழற்றிப் பேனாவை என்னிடம் நீட்டினார். “அத்த அடிச்சிட்டு ஆபரேட்டர் தவறுன்னு எழுதும்மா. மெஷினுக்குத் தப்பு பண்ணத் தெரியாது.” அடித்தேன், எழுதினேன், கையெழுத்தும் போட்டேன். மெஷினைத் திறந்து பார்க்க யாரும் வரவில்லை.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மழை நாட்களில் பெண்களை முதல் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியவர். ஆனால் அந்த வரியை என் கையாலேயே எழுத வைத்ததை மன்னிக்க எனக்கு மனமில்லை. அதற்குப் பிறகு எது நின்றாலும் உடைந்தாலும், மகளுக்குச் சளி பிடித்தாலும்கூட, முதலில் என் கையைத்தான் சந்தேகப்படுகிறேன்.

இப்போது மரக்காணத்தில், உப்பளத்தைப் பார்த்த எங்கள் வீட்டின் பின் அறையில், ஒரு சிறிய மரச் செதுக்கு மெஷின் வைத்திருக்கிறேன். லேப்டாப்பில் நான் வரைவதை, உள்ளங்கை அளவு கன்ட்ரோலர் போர்டு ஒன்று கேபிள் வழியாக வாங்கிக்கொண்டு கட்டரை நகர்த்தும். மகள் தூங்கும் மதியத்தில் பெயர்ப் பலகைகள் செதுக்குவேன். அந்த ஒரு மணி நேரம்தான் நாளில் என்னுடையது. கடந்த மழைக்காலத்துக்குப் பின், வேலையின் பாதியில் லேப்டாப்போடு தொடர்பு அறுந்துபோகத் தொடங்கியது. கட்டர் மரத்துக்குள்ளேயே நின்றுவிடும். பாதிப் பெயரோடு பலகைகள் சுவரோரம் சேர்ந்தன.

“நீ எதையாவது மாத்தி அமுக்கியிருப்ப,” என்றார் கணவர். அப்படியும் இருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். “உனக்கும் அதுக்கும் ஒத்துவரல. பாப்பா வேற தவழுது. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பாண்டியிலேர்ந்து ஒருத்தர் வந்து வெலைக்கு எடுத்துட்டுப் போறேன்னாரு.” என்னைக் கேட்காமலே அவரை வரச் சொல்லிவிட்டிருந்தார். அன்று திங்கள்கிழமை. எனக்கு ஆறு மதியங்கள் இருந்தன.

முதல் மதியம் கேபிளை மாற்றினேன். தொடர்பு மறுபடியும் அறுந்தது. இரண்டாவது நாள், லேப்டாப் மின்சாரத்தை மிச்சப்படுத்த இணைப்பைத் தூங்க வைக்கும் வசதியை நிறுத்தினேன். அறுந்தது. மூன்றாவது நாள் கேபிளை மோட்டார் வயரிலிருந்து தள்ளிக் கட்டினேன். கொஞ்சம் தாங்கியது, பிறகு அறுந்தது. நான்காவது நாள் கட்டரைச் சுழற்றும் மோட்டாரை அணைத்துவிட்டு, வெறும் காற்றில் முழு வேலையையும் ஓடவிட்டேன். ஒருமுறைகூட அறுபடவில்லை. அமுக்கியது அதே விரல்கள், அதே பொத்தான்கள். மோட்டாரைப் போட்டதும் சில நிமிடங்களில் நின்றது. என் கை இல்லை என்று அப்போதுதான் முதல்முறையாக உறுதியாகத் தோன்றியது.

மெஷினின் இரும்புச் சட்டத்தைத் தொட்டால், ஷாக் அடிப்பதுபோல் லேசாகச் சுர்ரென்று இருக்கும். பிரமை என்று இத்தனை நாளும் விட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மல்டிமீட்டரை எடுத்து பிளக் பாயின்ட்டில் வைத்தேன். கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்க வேண்டிய எர்த் துளையில் எண் நிலைகொள்ளாமல் அலைந்தது. வீட்டுக்கு வயரிங் செய்த எலக்ட்ரீஷியன் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“எர்த்தா? இன்னாம்மா நீ, ஊரே உப்பு. மத்த ஊர்ல எர்த்துக்குழில உப்பு வாங்கிக் கொட்டறான். இங்க இரும்பு பைப்ப நட்டாலே போதும், ஜம்முனு புடிச்சிக்கும்.”

“நீங்க வந்து பாருங்கண்ணா.”

“பாத்தா மட்டும் இன்னா தெரியப் போவுது?”

“வந்து பாருங்கண்ணா. பாக்காம சொல்லாதீங்க.”

அந்தக் குரல் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகம். சனிக்கிழமை காலை வந்தார். மெயினை அணைத்துவிட்டு, கிணற்றடி ஓரம் மண்ணில் இறங்கிய எர்த் வயரை மெல்ல இழுத்தார். அது அப்படியே கையோடு வந்துவிட்டது. முனையில் துருப்பிடித்த ஒரு வளையம், அவ்வளவுதான். கீழே தோண்டினால் பைப் இருந்த இடத்தில் செங்கல் நிறத் தூள். எர்த் பிடிக்கும் என்று எல்லோரும் நம்பிய உப்பு, பைப்பையே தின்றிருந்தது. மோட்டார் கிளப்பிய மின் இரைச்சல் போக வழியில்லாமல் கன்ட்ரோலருக்குள் புகுந்திருக்கிறது. மெஷினின் அதே சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் என் மகள் எழுந்து நிற்கப் பழகினாள்.

“நானும் ஊர் பூரா இப்டித்தானேம்மா போட்டு வச்சிருக்கேன்,” என்றார் அண்ணன், தலையைச் சொறிந்தபடி. மதியத்துக்குள் செம்புக் கம்பி இறக்கி, மெஷின் சட்டத்துக்கும் தனி வயர் கொடுத்தார். அன்று ஒரு பலகை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நிற்காமல் முடிந்தது. சட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன். சுர்ரென்று இல்லை.

தொழிற்சாலையின் அந்த மெஷினுக்கு என்ன கோளாறு என்று எனக்கு இன்றும் தெரியாது. அது என் தவறாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் யாரும் பார்க்கவில்லை. பார்க்காமல் எழுதியது தீர்ப்பு ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை பாண்டிக்காரர் வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. “அப்பப்ப நின்னுடுமாமே?” என்றார்.

“வீட்டுல எர்த் போயிருந்திச்சுங்க. மெஷின் மேல தப்பில்ல, என் மேலயும் இல்ல. இத விக்கறதா இல்லைங்க.”

கணவர் திரும்பினார். “ஏய், வரச் சொன்னது நானு.”

“நீங்க சொன்னீங்க. நான் சொல்லல.”

வழக்கமாக இந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டுவிடுவேன். அன்று டீ மட்டும் போட்டுக் கொடுத்தேன். மெஷினை நிறுத்தவில்லை. அதன் சத்தத்துக்கு மேல் அவர்கள் இருவரும் உரக்கப் பேச வேண்டியிருந்தது.